சாப்பாட்டு மேசையில் செய்த இறக்கை

எதையும் அளந்து செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மற்றவர்கள் கடையில் வாங்குகிற பொருளைப் பார்த்ததும், "இதை நாமே வீட்டில் செய்துவிடலாமே" என்று தோன்றும். சாதாரண மனிதர்களுக்கும் இது தோன்றும்தான். ஆனால் அவர்களிடம் அடிமட்டம், மூலைமட்டம், நீர்மட்டம் மூன்றும் ஒரே இழுப்பறையில் தயாராக இருப்பதில்லை. அதனால் தப்பித்துக்கொள்கிறார்கள். என்னிடம் இருந்தன. (இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் என் தலைப்பெழுத்தைப் பொறித்து வைத்திருக்கிறேன்.)

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். மழை எப்போது தொடங்கியது, எப்போது விட்டது, வீட்டுக்கு யார் வந்தார்கள், வந்தவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். "இவரு தும்முனாக்கூட எழுதி வைப்பாரு" என்று என் மனைவி செல்வி உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். (ஒரே ஒரு தடவைதான் எழுதினேன். தொடர்ந்து எட்டுத் தும்மல் வந்தது. அது எழுதத் தகுந்த விஷயம்தானே?)

இப்படிப்பட்ட மனிதன், நாற்பத்தாறு வயதில், கற்பிட்டிக் கடலில் ஒரு வெள்ளைக்காரன் தண்ணீரைத் தொடாமல் போவதைப் பார்த்துவிட்டான். அங்கே தொடங்கியது வினை.

செல்வியின் தம்பி ரவி கற்பிட்டியில் ஒரு விடுதியில் வேலை செய்கிறான். பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, காற்று இழுக்க இழுக்கக் கடலில் சறுக்கும் விளையாட்டை வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. விடுமுறைக்குப் போனபோதெல்லாம் எனக்கும் சொல்லிக்கொடுத்தான். இரண்டு வருடத்தில் நான் ஓரளவு தேறியிருந்தேன். அதாவது, விழுவதற்கும் விழுவதற்கும் இடையில் கொஞ்ச நேரம் நிற்பேன்.

அன்றைக்கு அந்த வெள்ளைக்காரன் போனது வேறு மாதிரி. சாதாரணப் பலகை தண்ணீரை அடித்துச் சத்தம் போட்டுக்கொண்டு போகும். அவனுடைய பலகை தண்ணீருக்கு இரண்டடி மேலே, சத்தமே இல்லாமல் மிதந்துகொண்டு போனது. ரவி விளக்கினான். பலகைக்கு அடியில் ஒரு தூண், தூணின் நுனியில் விமானத்துக்கு இருப்பது போல முன்னால் ஒரு பெரிய இறக்கை, பின்னால் வால் போல ஒரு சின்ன இறக்கை. வேகம் வந்ததும் தண்ணீருக்குள் இருக்கும் இறக்கை தூக்கும், பலகை மேலே எழும்பும்.

"என்ன விலை?"

"வெலய மட்டும் கேக்காதீங்க மச்சான். அக்கா காதுல விழுந்துரும்."

"இதுல அப்படி என்ன இருக்கு? ஒரு பலகை, ஒரு தூண், ரெண்டு இறக்கை."

"அதுக்கு மேல ஒரு ஆளும் நிக்கணும் மச்சான்" என்றான் ரவி. அதை நான் காதில் வாங்கவில்லை. மனதுக்குள் ஏற்கெனவே பலகையை அறுக்கத் தொடங்கியிருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் இணையத்தில் கிடைத்த படங்களை எல்லாம் பார்த்து, உண்மை அளவில் வரைபடம் போட்டேன். முன் இறக்கை, நுனிகள் இலேசாகக் கீழே வளைந்து, வில்லை நீட்டி வைத்தது போல இருக்கும். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சீவி, தேய்த்து, அதற்கு மேல் ஃபைபர் துணி சுற்றிப் பசை பூச வேண்டும். துணியும் பசையும் ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் கிடைத்தன. பஸ்ஸின் உடைந்த முகப்பை ஒட்டுகிறவர்கள் வாங்குகிற சாமான் அது.

"எந்த பஸ்ஸுங்க சேர் அடிபட்டிச்சி?" என்று நானா அக்கறையாக விசாரித்தார்.

"பஸ் இல்ல நானா. இறக்கை செய்யப் போறேன்."

நானா என்னை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "வீட்டுல சுகம்தானே?" என்று கேட்டார்.

எங்கள் வீடு தோட்டத்து உத்தியோகத்தர் வீடு. கட்டியவர்கள் மலைச்சரிவில் கட்டியதோடு நிற்காமல், அந்தச் சரிவை வீட்டுக்குள்ளும் கொஞ்சம் விட்டு வைத்திருக்கிறார்கள். முன்னறையில் உருண்டையாக எது விழுந்தாலும் அதைச் சமையலறையில் போய்த் தேட வேண்டும். வேலை செய்யத் தகுந்த ஒரே இடம் சாப்பாட்டு மேசை. அதன் ஒரு காலுக்கு அடியில் ஒரு கட்டை வைத்து, நீர்மட்டத்தை மேலே வைத்துப் பார்த்து, குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை அந்தக் கட்டையைச் சீவினேன். அந்த மலையிலேயே சரியான மட்டத்தில் இருந்த ஒரே பொருள் எங்கள் சாப்பாட்டு மேசைதான் என்று பெருமையாக நாட்குறிப்பில் எழுதினேன். அன்றிலிருந்து நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"சோறு பசை நாத்தம் அடிக்குது" என்றாள் செல்வி.

"அது உன் மனப்பிரமை."

"பருப்பும் மனப்பிரமை நாத்தம் அடிக்குது."

அடுத்த பிரச்சினை குளிர். அந்தப் பசை காய்ந்து இறுக வெதுவெதுப்பு வேண்டும். கந்தப்பளைக் குளிரில் அது மூன்று நாளாகியும் கருப்பட்டிப் பாகு மாதிரியே இருந்தது. வேறு வழியில்லாமல் இறக்கையைக் கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பைகளை அணைத்து வைத்து, கம்பளியால் கழுத்துவரை மூடினேன். (இறக்கைக்குக் கழுத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். பாசத்தில் அப்படித்தான் மூடத் தோன்றியது.)

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியசாமி அண்ணன் வந்தார். ஓய்வு பெற்ற கங்காணி, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாக் கமிட்டியின் தலைவர். நான் செயலாளர். அவர் கதவிடுக்கு வழியாகக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாருங்கம்மா படுத்திருக்கா? காச்சலா?"

"அவரு பெத்ததுங்க" என்றாள் செல்வி. "மூணு நாளா சூடு ஏத்துறாரு. இன்னும் எந்திரிக்கல."

பெரியசாமி அண்ணன் தலையை ஆட்டினார். எத்தனையோ துரைமார்களையும் கிளாக்கர்மார்களையும் பார்த்தவர். எங்களுக்கெல்லாம் ஒருநாள் ஏதாவது ஆகும் என்பது அவருக்குத் தெரியும். வந்த விஷயத்தைச் சொன்னார்.

விஷயம் சிறியதல்ல. எங்கள் தோட்டத்தில் மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டு உண்டு. திருவிழாவன்று குளத்தங்கரையில்தான் கரகம் பாலிப்போம். செம்புக்குள் தீர்த்தம் நிரப்பி, வேப்பிலையும் பூவும் கோபுரம் போல் உயர்த்திக் கட்டி, பூசாரி தலையில் ஏற்றிக்கொண்டு கோவிலுக்கு வருவார். இது ஒவ்வொரு வருடமும் தாமதமாகும். மேல்பிரிவு ஆட்கள் வந்து சேரும்வரை காத்திருந்து, கரகம் புறப்படும்போது இருட்டிவிடும், மழையும் பிடித்துக்கொள்ளும். கீழ்ப்பிரிவு ஆட்கள் நனைந்துகொண்டே தங்கள் லய வீடுகளுக்குப் போவார்கள். போகிற வழியெல்லாம் மேல்பிரிவைத் திட்டிக்கொண்டு போவார்கள். அந்த வருடம் திட்டு முற்றிவிட்டது.

"இந்தத் தடவையும் இருட்டுனிச்சின்னா, கீழ்ப்பிரிவு ஆளுங்க தனியா கோயில் கட்டிக்கிட்டுப் போயிருவோம்ன்னு சொல்றாங்க ஐயா. ஒரே ஆத்தாளுக்கு ரெண்டு திருவிழா. நான் உசுரோட இருக்கயில அதப் பாக்கணுமா?" என்றார் பெரியசாமி அண்ணன். அவர் கண் கலங்கியிருந்தது. பசை நெடியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கே உட்கார்ந்து நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். நான்கு மணிக்குக் குளத்தங்கரையில் கூடுவது, நாலரைக்குக் கரகம் புறப்படுவது, ஐந்தரைக்குக் கோவில். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, எப்படி நேரத்துக்கு வருகிறார்களோ அப்படி வரவேண்டும் என்று கூட்டத்தில் கண்டிப்பாகச் சொன்னேன்.

கீழ்ப்பிரிவு மாரியாயி அக்கா எழுந்தார். கொழுந்து கிள்ளுவதைவிட வேகமாக ஆளை வார்த்தையால் கிள்ளக்கூடியவர்.

"நேரத்துக்கு வரச் சொல்றாரு கிளாக்கர் ஐயா. நல்லது, நாங்க வந்துருவோம். அவரு வந்துருவாரா? போன வருஷம் சந்தனம் எங்கன்னு தேடி ஐயா வீட்டுக்கு ஆளு அனுப்புனமே, மறந்து போச்சா?"

கூட்டம் சிரித்தது. நான் காகிதத்தைச் சரிசெய்தேன். "இந்த வருடம் உங்கள் எல்லாருக்கும் முன்னால் நான் அங்கே இருப்பேன்" என்று அறிவித்தேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த வாக்குகளில் இவ்வளவு துல்லியமாக நிறைவேறியது வேறொன்றும் இல்லை.

இதற்கிடையில் பிள்ளை எழுந்துவிட்டான். பசை இறுகியது, இறக்கை மினுமினுத்தது. பலகையைத் தலைகீழாக மேசையில் கிடத்தி, தூணைப் பூட்டி, முன் இறக்கையை நீர்மட்டம் வைத்துப் பார்த்துப் பூட்டினேன். குமிழி நடுவில் நின்றது. வால் இறக்கையைப் பூட்டும்முன் தோட்டக் காரியாலயத்தில் வேலை வந்துவிட்டது. அது முடிந்து, இரண்டு நாள் கழித்து அதே மேசையில், அதே நீர்மட்டத்தை வைத்து, வால் இறக்கையையும் பூட்டினேன். குமிழி மறுபடியும் நட்டநடுவில். என்னைப் போலவே அதுவும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

திருவிழாவுக்கு ரவி வந்தான். ஒட்டுப் போட்ட பழைய பட்டம் ஒன்றையும், யாரோ ஒரு டென்மார்க்காரன் விட்டுவிட்டுப் போன ரப்பர் நீச்சல் உடுப்பையும் கொண்டுவந்திருந்தான். மறுநாள் காலை பட்டத்தோடு திரும்ப வேண்டும் அவன். காற்றோ பிற்பகலில்தான் எழும்பும். ஆக, பரீட்சைக்கு ஒரே சந்தர்ப்பம் திருவிழாவன்று மத்தியானம்தான். எனக்கு அதில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. இரண்டு மணிக்கு அதே குளத்தில் இறங்குவது, மூன்றரைக்குக் கரையேறுவது, வேட்டி கட்டிக்கொண்டு நான்கு மணிக்கு ஆட்களை வரவேற்பது. நான்கு மணி என்று போட்டால் ஐந்துக்கு முன் ஒரு ஆளும் வராது என்பது வேறு கதை.

"மச்சான், இறக்கையெல்லாம் அளந்துதானே பூட்டுனீங்க?" என்று ரவி குளக்கட்டில் நின்று கேட்டான்.

"யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்குற?"

"சரி சரி. ஏதாச்சும் ஆச்சின்னா நெஞ்சுகிட்ட இருக்க சிவப்புப் பிடியத் தள்ளுங்க. பட்டம் செத்துரும். நீங்க பொழைச்சிக்குவீங்க."

டென்மார்க்காரன் என்னைவிட அரையடி உயரம், ஆனால் பாதி அகலம். அந்த உடுப்புக்குள் என்னை ஏற்ற ரவி முழங்காலை என் முதுகில் ஊன்ற வேண்டியிருந்தது. முதுகுப் பக்க ஜிப் பூட்டு மேலேறும்போது ஏதோ ஒரு பல் முறிகிற சத்தம் கேட்டது. என் பல் இல்லை என்பதால் நான் பொருட்படுத்தவில்லை.

ஆடி மாதக் காற்று. மலையிடுக்கு வழியாக வந்து குளத்தில் இறங்கும். கற்பிட்டிக் காற்று நல்ல உத்தியோகத்தர் மாதிரி ஒரே சீராக வேலை செய்யும். எங்கள் ஊர்க் காற்று அப்படியல்ல. கொஞ்ச நேரம் வேலையே செய்யாது, பிறகு எல்லா வேலையையும் ஒரேயடியாகச் செய்துவிடப் பார்க்கும். முதல் ஒரு மணி நேரம் நான் தண்ணீரில் உட்கார்ந்தே இருந்தேன். பட்டம் விழுந்தது, ரவி தூக்கிவிட்டான், மறுபடி விழுந்தது. மூன்று மணி ஆகியிருக்கும். பட்டம் ஒருவழியாக மேலே நிலைத்தது. நான் பலகையில் கால் வைத்தேன். காற்று வந்தது.

நான் கிளம்பினேன்.

அந்த முதல் சில விநாடிகளை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பலகை முன்னே பாய்ந்தது, பிறகு சத்தம் நின்றது. கீழே பார்த்தேன். தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் நான் செய்த இறக்கை என்னைத் தூக்கிவிட்டது! செல்வி பார்க்க வேண்டும், நானா பார்க்க வேண்டும், டென்மார்க்காரனும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தப்பு மேளத்தின் சத்தம் கேட்டது.

எதிர்க்கரையில் பெருங்கூட்டம். மஞ்சள் சேலைகள், பால்குடங்கள், கொடிகள், நடுவில் பூசாரி, பாதி கட்டிய கரகம். எனக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும் என்று மாரியாயி அக்கா கீழ்ப்பிரிவு முழுவதையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளப்பிக் கொண்டுவந்திருக்கிறார். கீழ்ப்பிரிவு போவதைப் பார்த்து மேல்பிரிவும் ரோஷத்தோடு ஓடி வந்திருக்கிறது. எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் ஒரு காரியம் நேரத்துக்கு முன்னால் நடந்தது அதுவே முதல் தடவை. அதற்குக் காரணம் என் நிகழ்ச்சி நிரல். அதனால் மாட்டிக்கொண்டதும் நான்.

திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன். ஆனால் பலகை மேலே எழும்புவதை நிறுத்தவில்லை. இரண்டடி எழுந்து சமனாகப் போக வேண்டியது, மூன்றடி, நான்கடி என்று ஏறி, இறக்கை தண்ணீரை விட்டே வெளியே வந்து, என்னோடு சேர்ந்து தொப்பென்று விழுந்தது. விழுந்த வேகத்தில் பட்டம் மறுபடி இழுத்தது. மறுபடி எழும்பினேன், மறுபடி தொப். இப்படியே, கையில் பிடித்த கம்பியை விட்டால் போதும் என்ற புத்திகூட வராமல், தவளை போலத் தாவித் தாவி நேரே கரகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு காட்சி. வானத்தில் ஒரு பெரிய சிவப்புத் துணி. அதில் கயிறுகட்டித் தொங்கிக்கொண்டு, கரிய உருவம் ஒன்று தண்ணீருக்கு மேலே எழுந்து எழுந்து வருகிறது. எங்கள் ஊரில் முதுகில் முள் குத்தி, மரத்தில் தொங்கிக்கொண்டு பறவைக் காவடி எடுப்பார்கள். கயிற்றில் தொங்கி ஆடி ஆடி வரும் ஆளைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு வேறு எது நினைவு வரும்?

"அரோகரா!" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு எல்லாக் குரலும். தப்புக்காரர்கள் என்னைக் கவனித்து, நான் எழும்பும்போது வேகமாகவும் விழும்போது ஒரே அடியாகவும் அடிக்கத் தொடங்கினார்கள். (கலைஞர்கள். தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.)

கரை நெருங்கியது. கரகத்துச் செம்புக்கு முன்னால் பூசாரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் கரும்புப் பந்தல். பட்டத்தின் கயிறுகள் அந்த உயரத்தில்தான் வந்துகொண்டிருந்தன. ஒரு விநாடி எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கரகம் சாய்ந்தால் அதைவிட அபசகுனம் இல்லை. திருவிழா அதோடு நின்றுபோகும். கீழ்ப்பிரிவு தனிக் கோவில் கட்டும். பெரியசாமி அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவார். ஆயுள் முழுவதும் என் பெயர், கரகத்தைச் சாய்த்த கிளாக்கர். சிவப்புப் பிடியைத் தள்ளினால் பட்டம் பறிபோகும், என் பறத்தலும் அதோடு முடியும், ஊரே பார்க்க நான் சேற்றில் விழுவேன்.

தள்ளினேன்.

பட்டம் பந்தலுக்கு ஆறடி இந்தப் பக்கமாகத் தண்ணீரில் சுருண்டு விழுந்தது. நான் வந்த வேகத்தில் பலகையை விட்டுக் கழன்று, கரையோரச் சேற்றில் வயிற்றால் சறுக்கி, கைகள் இரண்டும் முன்னால் நீட்டியபடி, நெற்றி மண்ணில் பட, கரகத்துக்கு நேர் எதிரே போய் நின்றேன். நின்றேன் என்பது தவறு, கிடந்தேன். முறையாகப் பயிற்சி எடுத்தவர்கூட அவ்வளவு சுத்தமாகச் சாஷ்டாங்கமாக விழுந்திருக்க மாட்டார்.

தப்பு நின்றது. பூசாரி கண்ணைத் திறந்தார். கரிய ரப்பர் உருவம் ஒன்று காலடியில் கிடப்பதைப் பார்த்தார். அவர் அசரவில்லை. குனிந்து, சேற்றை வழித்துவிட்டு, என் நெற்றியில் திருநீறு பூசினார்.

"யாருப்பா இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கிளாக்கர் ஐயாடா!"

மாரியாயி அக்கா முன்னால் வந்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "அடியாத்தி! நாம ஒரு மணி நேரம் முந்தி வந்தா, இவரு நமக்கும் முந்தி வந்து தண்ணிக்குள்ள நின்னுருக்காரே!" என்றார். "சொன்ன சொல்லக் காப்பாத்திப்புட்டாருப்பா."

பெரியசாமி அண்ணன் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். அவர் கண்ணில் மறுபடி கலக்கம். இந்தத் தடவை பசை இல்லை. "ஏன் ஐயா, இப்பிடி ஒரு நேர்த்தி வச்சிருக்கீங்கன்னு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் சேறு இருந்தது. அதைத் துப்புவதற்குள், பால்குடத்தோடு நின்ற செல்வி பதில் சொல்லிவிட்டாள்.

"தண்ணிக் காவடிங்க அண்ணே. வெளிய சொல்லக் கூடாதுன்னு வேண்டுதல்." முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மூன்று வாரம் அவளைத் தரையில் உட்காரவைத்துப் பசை நாற்றத்தில் சோறு தின்ன வைத்ததற்கு வட்டியும் முதலுமாக ஒரு வார்த்தை சேர்த்தாள். "மூணு வருசத்துக்கு நேந்திருக்காரு."

மூன்று வருடம்! நேர்த்தி வைத்தால் மூன்று வருடம் எடுப்பதுதான் எங்கள் வழக்கம். அதைச் சபையில் சொன்ன பிறகு குறைக்க முடியாது.

காவடி எடுத்தவன் கரகத்தோடு கோவிலுக்கு நடக்க வேண்டும். உடுப்பை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். குளத்தைச் சுற்றி ஓடி வந்திருந்த ரவி முதுகுப் பூட்டை இழுத்துப் பார்த்தான். முறிந்த பல்லில் மாட்டி அது அசையவில்லை. "கத்திரிக்கோலு வேணும் மச்சான். இல்லாட்டி இப்பிடியே வாங்க" என்றான். கரகம் காத்திருக்காது. நாலரைக்குப் புறப்பட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் நானே எழுதியிருந்தேன், முந்தி வந்த கூட்டமோ அதற்கும் முன்பே புறப்பட்டுவிட்டது.

ஆகவே போனேன். டென்மார்க்காரனின் ரப்பர் உடுப்பில், வெறுங்காலோடு, கழுத்தில் வேப்பிலை மாலை, ஒவ்வோர் அடிக்கும் உடுப்புக்குள் இருந்த தண்ணீர் சளக் சளக் என்று பேச, மலையேறினேன். வழியெல்லாம் லயங்களின் முன்னால் நின்றவர்கள் என் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவும் உள்ளேதான் போனது. கரை ஒதுங்கிய பலகையை யாரோ தூக்கி டிராக்டரில் தலைகீழாக வைத்து, என் இறக்கைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தார்கள். கோவில் வாசலில் பிரதம விருந்தினராகத் தோட்டத்து மேலாளர், எங்கள் பெரிய துரை, நின்றார். என்னைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "மேக மொகத?" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். இது என்ன என்கிறார். நான் கைகூப்பி வணக்கம் சொன்னேன்.

ஆனால் ஒன்று. கரகம் ஐந்தரைக்கு முன்பே கோவில் சேர்ந்துவிட்டது. மழைக்கு முன்பே பொங்கல் பொங்கியது. கீழ்ப்பிரிவு ஆட்கள் காய்ந்த துணியோடு வீட்டுக்குப் போனார்கள். போகும்போது யாரும் யாரையும் திட்டவில்லை, என்னைப் பற்றிப் பேசவே அவர்களுக்கு வாய் போதவில்லை. தனிக் கோவில் பேச்சு அதோடு நின்றது. தண்ணிக் காவடி எடுக்கிற கிளாக்கரை எந்தப் பிரிவும் மற்றதுக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

வீட்டுக்கு வந்து, செல்வி கத்திரிக்கோலால் என்னை உரித்தெடுத்த பிறகு, எங்கே தவறு நடந்தது என்று யோசித்தேன். எல்லாம் அளந்தேனே! மேசையடியில் போய்ப் பார்த்தேன். காலுக்கு அடியில் கட்டை இல்லை.

"இங்க இருந்த கட்டை எங்க?"

"சமையக்கட்டுக் கதவு காத்துல படார் படார்ன்னு அடிச்சிக்கிட்டே கெடந்துச்சி. அதுக்கு வச்சேன்."

"எப்ப?"

"நீங்க ரெண்டு நாளா ஆபிசே கதின்னு கெடந்தீங்களே, அப்ப."

அதாவது, முன் இறக்கையைப் பூட்டியபோது மேசையில் கட்டை இருந்தது. வால் இறக்கையைப் பூட்டியபோது கட்டை கதவுக்குப் போயிருந்தது. சரிந்த மேசையில் வால் இறக்கையை மட்டும் பூமிக்குச் சமமாக அளந்து பூட்டியிருக்கிறேன். அது முன் இறக்கையோடு ஒத்துப்போகாமல், வாலைக் கீழே அழுத்தி மூக்கை வானத்துக்குத் தூக்கிவிட்டது. குமிழிமேல் குற்றமில்லை. அது பூமியைத்தான் பார்த்தது, என் மேசையை அல்ல.

ரவி ஒரு வாரத்துக்குள் கற்பிட்டியிலிருந்தே தொலைபேசியில் பாதித் தோட்டத்துக்கு உண்மையைச் சொல்லிவிட்டான். மீதிப் பாதிக்கு அது முதல் நாளே தெரியும். அதற்காக நேர்த்தியை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. "ஆத்தா முன்னாடி சொன்னது சொன்னதுதானுங்க ஐயா" என்றார் பெரியசாமி அண்ணன். மறு வருடம் குளத்தில் இறங்க மட்டும் வேண்டாம், கரையிலிருந்து சாதாரணக் காவடி எடுத்தால் போதும் என்று கமிட்டி சலுகை தந்தது. காவடிக்கு வளைவு வேண்டுமே என்று தேடியபோது, மாரியாயி அக்காதான் என் முன் இறக்கையைக் காட்டினார். வளைவு அச்சாக இருந்தது. இரண்டு நுனியிலும் மயிலிறகு கட்டினார்கள். என்னைச் சுமப்பதற்காக நான் செய்த இறக்கையை, அடுத்த இரண்டு வருடமும் நான் சுமந்துகொண்டு மலையேறினேன். நல்ல கனம். பசையை நான் கொஞ்சமும் குறைத்துப் பூசவில்லை.

நேர்த்தி முடிந்துவிட்டது. இறக்கை இப்போது கோவில் சொத்து. காவடி எடுக்க நேர்ந்தவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். சாப்பாட்டு மேசையும் மறுபடி சாப்பாட்டுக்கு வந்துவிட்டது, கட்டையும் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. நான்தான் கொஞ்சம் சரிந்துவிட்டேன். இப்போதும் சாப்பிடும்போது ஏதாவதொரு விஷயத்தில் நான் குரலை உயர்த்தி, "இதில் சந்தேகமே வேண்டாம், நான் ரெண்டு தடவை பார்த்துவிட்டேன்" என்று தொடங்கினால், செல்வி கரண்டியை வைத்துவிட்டு நிதானமாக மேசைக்கு அடியில் குனிவாள்.

"ஒரு நிமிசம் இருங்க. கட்டை இருக்கான்னு பாத்துக்கிட்டு வந்துர்றேன்."